ஈர விறகோடு கழிந்த முதல் குளிர்காலம்

குளிர்காலத்துக்கு இரண்டே மாதங்கள் இருக்கையில், காற்றில் சாய்ந்த பெரிய மரமொன்றை வெட்டி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தபோது, அந்த ஆண்டின் விறகுக் கவலை தீர்ந்தது என்றே எண்ணினேன். நான்கு நாள்கள் அறுத்துப் பிளந்து, வீட்டின் பின்சுவரை ஒட்டி இடைவெளியே இல்லாமல் அடுக்கி, மழை படக்கூடாதென்று தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டினேன். அவற்றில் நான் சரியாகச் செய்தது பிளந்தது ஒன்றுதான்.

அடுப்பை மூட்டியபோது கட்டைகள் எரிவதற்குப் பதிலாகச் சீறின. வெட்டுமுனைகளில் நீர் நுரைத்துக் கொப்பளித்தது. அடுப்பின் கண்ணாடிக் கதவு ஒரே மாலையில் கறுத்துப்போக, அறை மட்டும் சூடேறவில்லை. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராக இருக்கக்கூடும் என்பதும், அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாகித் தீ தணிந்துவிட, முழுதாக எரியாத புகை புகைபோக்கியின் உட்புறத்தில் தாராகப் படியும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வந்தவர், பளபளவென்றிருந்த அந்தக் கரும்படிவத்தைச் சுரண்டிக் காட்டி, "இது பற்றிக்கொண்டால் உங்கள் கூரைக்கே ஆபத்து" என்றார். அதன் பிறகு அந்தக் கட்டைகளை நான் தொடவில்லை.

குளிர் முடிந்ததும் தார்ப்பாயை விலக்கினேன். அடியில் பூஞ்சை பூத்திருந்தது. சுவரும் ஈரம் கண்டிருந்தது. கீழ்வரிசையில் கரையான் ஏறியிருந்தது. அத்தனையையும் பிரித்து, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, இரண்டு நீண்ட சட்டங்களின் மேல் ஒற்றை வரிசையாக மறுபடி அடுக்கினேன். இம்முறை மேற்புறத்தை மட்டும் தகரத்தால் மூடிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டேன். (முதல் அடுக்கு மூன்றாம் நாளே சரிந்தது, இரு முனைகளிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்க வேண்டும் என்பதைச் சரிவுதான் கற்றுக்கொடுத்தது.)

எப்போது காயும் என்று ஊகிப்பதை விட்டு, ஒரு கட்டையில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு மாதந்தோறும் நிறுத்துவந்தேன். தொடக்கத்தில் சரியாக 2 கிலோ இருந்தது, பதினான்கு மாதங்களில் 1 கிலோ 400 கிராமுக்கு இறங்கி, பிறகு அசையவில்லை. ஈரப்பதமானி ஒன்றையும் வாங்கினேன். அதில் ஒருமுறை ஏமாந்தும் போனேன். கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்தபோது 15 விழுக்காடு காட்டியது, அதையே பிளந்து உட்பரப்பில் பார்த்தபோது 28 காட்டியது. எரிப்பதற்கு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், அன்றுமுதல் புதிதாகப் பிளந்த முகத்தில்தான் அளக்கிறேன். கருவி கையில் இல்லாத நாளில் இரண்டு கட்டைகளை மோதிப் பார்ப்பேன்: காய்ந்தவை கணீரென்று ஒலிக்கும், ஈரமானவை மந்தமாக 'தொப்'பென்னும்.

மென்மரங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் எரிக்கத் தக்கனவாகிவிடுகின்றன; வைரம் பாய்ந்த மரங்களுக்கு இரண்டாண்டு பொறுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இப்போது மூன்று அடுக்குகள் வைத்திருக்கிறேன்: இந்த ஆண்டு எரிப்பது, அடுத்த ஆண்டுக்குக் காய்வது, அண்மையில் பிளந்தது. பழைய வீடுகளை இடிக்கையில் கிடைக்கும் சாயம் பூசிய மரமும் மருந்தேற்றிய மரமும் இலவசமாக வந்தாலும் வாங்குவதில்லை. அவற்றின் புகையும் சாம்பலும் நஞ்சு. ஒவ்வோர் அடுக்கின் முகப்புக் கட்டையிலும் பிளந்த மாதத்தை எழுதிவிடுகிறேன். எடை பார்த்த அந்தக் கட்டையை மட்டும் இன்னும் அடுப்பில் வைக்க மனம் வரவில்லை.