ஒரு குறிகூடத் தப்பவில்லையாம்!

செக்காலை சோமு:
போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு அறுபதாம் கல்யாணம். வாழ்த்த வந்த பெரியவர் மைக்கைப் பிடித்ததும் தம்பதியை மறந்துவிட்டார். "மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் 11 பேரைக் கொன்றான். இஸ்ரேல் தேடித் தேடிப் பழிவாங்கியது, ஒரு குறிகூடத் தப்பவில்லை. நாம் மும்பையில் 166 பேரைப் பறிகொடுத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றினோம்." பந்திக்குக் காத்திருந்த வளவு முழுக்கக் கைதட்டல். அந்த வீடியோவை இங்கேயும் ஒருவர் போட, கீழே "செம, செம" என்று வரிசை கட்டி நிற்கிறீர்கள்.

குறி தப்பவில்லையா? 1973 ஜூலை, நார்வேயில் லில்லேஹாமர் என்று ஒரு சின்ன ஊர். இஸ்ரேல் உளவுத்துறையான மொசாட்டின் ஆட்கள் அங்கே சுட்டது மொராக்கோவிலிருந்து பிழைக்கப் போன ஒரு ஓட்டல் சர்வரை. சினிமா பார்த்துவிட்டுக் கர்ப்பிணி மனைவியோடு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த ஆள். அவர்கள் தேடியது வேறு ஒருவனை. ஆறு பேர் பிடிபட்டு, ஐந்து பேருக்குச் சிறை. 1996ல் இஸ்ரேல் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தது. பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. பெரியவர் காதில் யாராவது போடுங்கள்.

புதுவயல் மில்லுக்காரன்:
வீடியோ போட்டவன் நான்தான். பெயர் சொல்லியே கேட்கலாமே சோமண்ணே, எதற்கு "ஒருவர்"?

மியூனிக்கில் 1972ல் செத்த 11 பேரைப் பற்றி உங்களுக்கு ஒரு வரி வரவில்லை. மும்பையில் செத்த 166 பேருக்கு ஒரு வரி வரவில்லை. நார்வேயில் செத்த ஒரு சர்வருக்கு மட்டும் பஸ், சினிமா, மனைவி எல்லாம் வந்துவிட்டது. அடடா, என்ன இரக்கம்!

செக்காலை சோமு:
"ஒரு குறிகூட" என்று சொன்னது உங்கள் பெரியவர். தப்பியதா, இல்லையா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

புதுவயல் மில்லுக்காரன்:
ஒரு வார்த்தையில் சொல்ல நான் என்ன கோர்ட் கூண்டிலா நிற்கிறேன்? வரலாறு கேளுங்கள். 1999 டிசம்பர், காந்தஹார். விமானத்தைக் கடத்தினான், சிறையிலிருந்த மூன்று பேரை விடுவித்தோம். அதில் ஒருத்தன் மசூத் அசார். அவன் ஜெய்ஷ்-இ-முகமது ஆரம்பித்தான். 2001 டிசம்பர் 13, பாராளுமன்றத்துக்குள்ளேயே வந்தான். எல்லையில் படையைக் கொண்டுபோய்ப் பத்து மாதம் நிறுத்திவிட்டுத் திருப்பி அழைத்தோம். 2008ல் மும்பை. அப்போதும் பேச்சு, ஆதாரக் கோப்பு, கோரிக்கை. 2016ல் உரி ராணுவ முகாம் தாக்குதலுக்குப் பிறகுதான் எல்லை தாண்டினோம். 2019ல் புல்வாமாவில் 40 வீரர்கள், பன்னிரண்டாம் நாள் பாலாகோட்டில் விமானத் தாக்குதல். 2025ல் பஹல்காம், பதினைந்தாம் நாள் ஆபரேஷன் சிந்தூர். நாடு என்றால் இப்படி இருக்க வேண்டும். அடித்தால் திருப்பிக் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

இதற்கு உங்கள் பதில் என்ன? நார்வே சர்வர்!

செக்காலை சோமு:
2016ல் திருப்பிக் கொடுத்தோம், 2019ல் வந்தான். 2019ல் திருப்பிக் கொடுத்தோம், 2025ல் வந்தான். உங்கள் பட்டியலைத்தான் படித்துக் காட்டுகிறேன். அவனுக்குத் தெரிந்தமாதிரி தெரியவில்லையே.

அப்புறம், 2008ல் ஒன்றுமே செய்யவில்லை என்பது எந்த ஊர்க் கணக்கு? அந்த டிசம்பரிலேயே தேசியப் புலனாய்வு அமைப்புக்கான என்.ஐ.ஏ. சட்டம் வந்தது. சுட வந்தவர்களில் ஒருத்தனான கசாப்பை உயிரோடு பிடித்தோம். துப்பாக்கிக் குழலைக் கையால் பிடித்து நின்று குண்டு வாங்கிச் செத்தார் துக்காராம் ஓம்ப்ளே என்கிற போலீஸ்காரர், அவரால் பிடித்தோம். வக்கீல் வைத்துக்கொடுத்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 நவம்பரில் தூக்கில் போட்டோம். உயிரோடு ஒருத்தன் கையில் இருந்ததால்தான் "எங்கள் ஆளே இல்லை" என்ற பாகிஸ்தான்காரர்கள் வாயை மூடினார்கள். 2025 ஏப்ரலில் மும்பைச் சதியில் குற்றம் சாட்டப்பட்ட ராணாவை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததும் இதே வழிதான். மெதுவாக நடக்கும். ஆனால் ஆள் மாறிப் போகாது.

இன்னமும் ஆமாவா இல்லையா என்று நீங்கள் சொல்லவில்லை.

புதுவயல் மில்லுக்காரன்:
கசாப்புக்கு ஜெயிலில் நாலு வருடம் பிரியாணி போட்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

செக்காலை சோமு:
அந்தப் பிரியாணிக் கதையே கட்டுக்கதை. வழக்கை நடத்திய அரசு வக்கீல் உஜ்வல் நிகமே, தான் கிளப்பிவிட்டது என்று 2015ல் சொல்லிவிட்டார். அடுத்தது?

ஆத்தங்குடி ஆச்சி:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். நாடு என்ன செய்வது என்று பேசுகிறீர்கள். நாம் என்ன செய்தோம்? பஹல்காமில் கல்யாணமாகி ஒரு வாரத்தில் கணவரைப் பறிகொடுத்த அந்தக் கடற்படை அதிகாரியின் மனைவி, முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள் என்று சொன்னது. நியாயம் வேண்டும் என்றும் சொன்னது. அதை என்னென்ன பேச்சுப் பேசினார்கள்! எங்கள் பங்காளிகள் குரூப்பிலேயே ஒருவர் எழுதியதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்குச் செத்த 26 பேரில் குதிரை ஓட்டும் உள்ளூர் முஸ்லிம் ஒருவரும் உண்டு. சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்றப் போய் செத்தார். அதை ஒருத்தரும் அனுப்பவில்லை.

புதுவயல் மில்லுக்காரன்:
ஆச்சி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒருவர் நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பங்காளி குரூப்பில் பேசியதைப் பொதுவில் கொண்டுவருவது நல்ல பழக்கமா? கோயில் புள்ளி (குடும்பவாரி வரிக் கணக்கு) விஷயத்திலும் இப்படித்தான் வெளியில் போய்ப் பேசினீர்கள்.

ஆத்தங்குடி ஆச்சி:
கோயில் புள்ளிக்கும் பஹல்காமுக்கும் என்ன சம்பந்தம் தம்பி?

புதுவயல் மில்லுக்காரன்:
சம்பந்தம் இருக்கிறது. ஒழுங்கு வேண்டும் என்கிறேன். வீட்டிலும் நாட்டிலும்.

பினாங்கு கிட்டங்கி:
அண்ணன்மார்களே, எங்கள் ஐயா மலாயாவில் லேவாதேவி செய்தவர், 1948 முதல் 1960 வரை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு பிரிட்டிஷ்காரன் சண்டை போட்ட அந்த அவசரநிலைக் காலம் முழுக்க அங்கேயே இருந்தார். தோட்டத்து ரோட்டில் பணம் வசூலிக்கப் போனால் உயிரோடு திரும்புவோமா என்று தெரியாதாம். 1951ல் பிரிட்டிஷ் ஹைகமிஷனர் கர்னியையே ரோட்டில் வைத்துச் சுட்டார்கள். பிரிட்டிஷ்காரன் விமானத்தையும் குண்டையும் மட்டும் நம்பவில்லை. காட்டோரம் இருந்த லட்சக்கணக்கான பேரை, பெரும்பாலும் சீனர்கள், கம்பிவேலி போட்ட புதுக் கிராமங்களில் கொண்டுபோய் வைத்தான். சில இடங்களில் அரிசியைக்கூடக் கையில் கொடுக்கவில்லை. பொதுச் சமையலறையில் ஆக்கிச் சோறாகக் கொடுத்தார்கள். அரிசி காட்டுக்குள் கடத்தப்படும், சோறு ஊசிப்போகும், அதுதான் கணக்கு.

புதுவயல் மில்லுக்காரன்:
பாருங்கள்! நம்ம ஆள் ஒருத்தரே சொல்லிவிட்டார். கடுமை காட்டினான், ஜெயித்தான். மில் வைத்திருக்கிறவன் சொல்கிறேன், அரிசியை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும்.

பினாங்கு கிட்டங்கி:
நான் அதைச் சொல்லவில்லை அண்ணே. அதே 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதம் இல்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். அந்தக் குடும்பங்கள் 2015ல் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போயும் விசாரணை கிடைக்கவில்லை. இன்னொன்று, 1957ல் சுதந்திரம் கொடுத்தார்கள். காட்டுக்குள் இருந்தவனுக்குச் சண்டை போடக் காரணமே போய்விட்டது. அதையும் சேர்த்துத்தான் ஜெயித்தது.

புதுவயல் மில்லுக்காரன்:
சோமண்ணனுக்கு ஒரு சர்வர், உங்களுக்கு 24 பேர். ஆளுக்கொரு பிணத்தை வைத்துக்கொண்டு நாட்டைப் பாதுகாக்க விடமாட்டேன் என்கிறீர்கள். பினாங்கில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

பினாங்கு கிட்டங்கி:
இப்போது இருப்பது கோட்டையூரில். பெயர் மட்டும்தான் பினாங்கு.

தேவகோட்டை ரஸ்தா வக்கீல்:
கடுமை, கடுமை என்கிறார்கள். கடுமையான சட்டம் என்ன செய்யும் என்பதற்கு நார்வே வரை போக வேண்டாம். ராஜீவ் கொலை வழக்கில் 1998ல் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. மறுவருடம் உச்ச நீதிமன்றம் தூக்கை வைத்தது நாலு பேருக்கு. மூன்று பேருக்கு ஆயுள். மீதி 19 பேரும் வெளியே வந்தார்கள். அவசரத்தில் தூக்கியிருந்தால்?

புதுவயல் மில்லுக்காரன்:
வந்துவிட்டார் ராஜீவ் கொலையாளிகளுக்கு வக்காலத்து வாங்க.

தேவகோட்டை ரஸ்தா வக்கீல்:
வக்காலத்து வாங்குவது என் தொழில். 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில், எங்கள் தேவகோட்டையில் கோர்ட்டையே கொளுத்தினார்கள். போலீஸ் சுட்டதில் செத்தவர்கள் உண்டு. திருவாடானையில் சிறையை உடைத்துத் தலைவரை வெளியே கொண்டுவந்தார்கள். அன்றைய சர்க்கார் அவர்களை என்னவென்று எழுதியிருக்கும்? அதையும் யோசித்துவிட்டு யாரை எப்படி அடிப்பது என்று முடிவு செய்யுங்கள்.

செக்காலை சோமு:
வக்கீல் சார், இது வேண்டாத ஒப்பீடு. அவர்கள் கட்டடத்தைக் கொளுத்தினார்கள், சுற்றுலா வந்தவனைப் பெயர் கேட்டுச் சுடவில்லை. என் கட்சி என்பதற்காக எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து கொட்டாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா வக்கீல்:
காரைக்குடிக்காரர்களுக்கு தேவகோட்டை என்றாலே இளக்காரம்தான். 42ல் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் பேசலாமா?

புதுவயல் மில்லுக்காரன்:
ஹா ஹா. இவர்களே அடித்துக்கொள்கிறார்கள். இவர்கள் கையில் நாட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்?

செக்காலை சோமு:
கம்பன் விழா நடந்த ஊர், அதை ஆரம்பித்த சா. கணேசன் சிறை போன ஊர். 42ல் என்ன செய்தோம் என்று எங்களிடமா கேட்கிறீர்கள்?

மில்லுக்காரரே, நீங்கள் நழுவ வேண்டாம். அமெரிக்கா 2001ல் ஆப்கானிஸ்தானுக்குள் போனது. பின்லேடனை 2011ல் அபோட்டாபாத்தில் ஒரு ராத்திரியில் முடித்தது. அவன் இருந்தது பாகிஸ்தானில். ஆனாலும் படை 2021 வரை ஆப்கானிஸ்தானில் இருந்தது, கடைசியில் அதே தாலிபான் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறியது. இதையும் உங்கள் பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

புதுவயல் மில்லுக்காரன்:
அவர் என் பெரியவர் இல்லை, உங்கள் சம்பந்தி வழிச் சொந்தம். கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதும் நீங்கள்தான். வீடியோவில் இரண்டாவது நிமிடத்தில் வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி. பெரிதாக்கிப் பாருங்கள்.

செக்காலை சோமு:
மரியாதைக்குத் தட்டுவது வேறு.

ஆத்தங்குடி ஆச்சி:
பார்த்தேன். நன்றாகவே தட்டுகிறீர்கள் அண்ணே.