வால்பேப்பர் ஓடுது, கீபோர்டு லைட் மட்டும் பாதியில நின்னுருது: உதவி வேணும்

பாளைப்பையன்: விண்டோஸ் 11. கீபோர்டு ரேசர் கம்பெனி. மவுஸ் ஜங்ஷன் பக்கம் வாங்குன பேரில்லாத ஆர்ஜிபி (கலர் லைட் எரியிறது). வால்பேப்பர் எஞ்சின்ல (வீடியோவ வால்பேப்பரா ஓட்டுற சாஃப்ட்வேர்) நான் எடுத்த ஐந்தருவி வீடியோவப் போட்டிருக்கேன். படத்துக்கு ஏத்தாப்ல கீபோர்டு லைட் மாறுது, ஆனா குரோமைத் திறந்தா அப்படியே நின்னுருது. சில நேரம் திடீர்னு முழுசா நீலமாயிருது. மாறும்போதும் பெரும்பாலும் வெள்ளைக் கலர்தான். மவுஸோ தன்பாட்டுக்கு வானவில் காட்டிட்டு இருக்கு. விவரம் தெரிஞ்ச அண்ணாச்சி யாராச்சும் சொல்லுங்க.

தென்காசிக்காரன்: சீசன்ல அருவி வெள்ளையாத்தான்வே விழும், கீபோர்டு என்ன செய்யும்?

அம்பை அண்ணாச்சி: தம்பி, குரோமைப் பெருசாக்குனா மட்டும் நிக்குதா, சின்னதா வச்சாலுமா?

பாளைப்பையன்: பெருசாக்குனாத்தான் அண்ணாச்சி.

அம்பை அண்ணாச்சி: அப்ப அதேதான். வால்பேப்பர் எஞ்சின் செட்டிங்ஸ்ல 'பெர்ஃபாமன்ஸ்' பக்கம் போங்க. வேற ஆப் திரைய நிறைச்சா படத்த நிறுத்திவைக்கிற வசதி அதுல இருக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை மிச்சம். படம் நின்னா லைட்டுக்குப் போற கலரும் நிக்கும். தொடர்ந்து ஓடுறாப்ல மாத்துங்க. லேப்டாப்னா, பேட்டரியில இருக்கும்போது மட்டும் நிறுத்துறதுக்குத் தனி வசதி இருக்கு, அத விட்டுவைங்க.

நீலம் வேற சண்டை. 2023-ல விண்டோஸ் 11-க்கு 'டைனமிக் லைட்டிங்'னு விண்டோஸே லைட்டக் கட்டுப்படுத்துற வசதி வந்துச்சுல்லா, அதுவும் உங்க கீபோர்ட்ட கையில எடுக்கப் பாக்கும். விண்டோஸ் தீம் கலர் நீலமா இருந்து, அதயே லைட்டுக்கும் போடச் சொல்லியிருந்தா நீலம்தான் வரும். விண்டோஸ் செட்டிங்ஸ்ல 'பெர்சனலைசேஷன்' பக்கத்துல டைனமிக் லைட்டிங்க அணைச்சிருங்க. பெறகு ரேசர் சினாப்ஸ்ல (ரேசரோட சொந்த சாஃப்ட்வேர்) குரோமா ஆப்ஸ், அதாவது லைட்ட மாத்துற ஆப்கள் பட்டியலப் பாருங்க, வால்பேப்பர் எஞ்சினுக்கு அனுமதி இருக்கணும். ஒரு கீபோர்டுக்கு ஒரு சாஃப்ட்வேர்தான் எசமான், ரெண்டு பேரு இருந்தா இந்தக் கூத்துதான்.

வெள்ளைக்கு மருந்து வீடியோவுலதான் இருக்கு. முழுப்படமும் நூத்துச்சொச்சம் விளக்குக்குள்ள சுருங்கணும், நுணுக்கமெல்லாம் தெரியாது. பெரிய பெரிய கலர்த் திட்டா இருக்கணும். எங்க ஊர் வயக்காட்டுப் பச்சையும் சாயங்கால வானமும் போட்டா சும்மா அள்ளும்.

பாளைப்பையன்: நிக்கிறது போயிட்டு, நீலமும் வரல! பாவநாசம் ரோட்டு வயல் வீடியோ ஒண்ணு கெடக்கு, அதப் போடுதேன். மவுஸுக்கு வழி?

தென்காசிக்காரன்: ஓப்பன்ஆர்ஜிபின்னு பல கம்பெனி லைட்டயும் கட்டுப்படுத்துற சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம். அது ஆதரிக்கிற பட்டியல்ல உம்ம மவுஸ் இருக்கான்னு பாரும். இல்லாட்டா விட்டுரும்வே, இந்த மாதிரி மவுஸ் பலதுல கலர் ஓட்டம் உள்ளயிருக்க சிப்லயே எழுதியிருக்கும், கம்ப்யூட்டர் சொன்னாக் கேக்காது. திருப்பிப் பாரும், சிலதுல அடியில லைட்ட அணைக்க ஒரு பட்டன் வச்சிருப்பான்.