கையில்லாத பஃபர் ஜாக்கெட் குளிருக்கு உதவுமா? அணிந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

ராயபுரத்துவாசி

மாதவரம் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இறால் பெட்டிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். உறைந்த மீனும் இறாலும் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பது காசிமேட்டைச் சுற்றி வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கு நிர்வாகம் கொடுத்திருப்பது கையில்லாத பஃபர் ஜாக்கெட், அதாவது உள்ளே பஞ்சு அடைத்து உப்பலாகத் தைத்த மேலுடை. அதற்குள் முழுக்கைச் சட்டையும், எழுத வசதியாக மெல்லிய கையுறையும் அணிந்துகொள்கிறேன்.

அண்மையில் ஒரு கன்டெய்னருக்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பால்பாயின்ட் பேனாவின் மை இறுகி எழுத மறுத்தது. பையில் இருந்த பென்சிலை எடுக்கப் போனேன். விரல்கள் பென்சிலைத் தொட்டது தெரிந்தது; ஆனால் அதைப் பற்றி வெளியே இழுக்க அவற்றில் வலு இல்லை. மார்பும் வயிறுமோ அந்த நேரத்திலும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன. அதே ஜாக்கெட்டை அணிந்து பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், ஜிப்பை மார்பு வரை இறக்கிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இன்னா தம்பி, பென்சிலு கூடவா கனக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரே உடைக்குள் அவருக்கு வேர்க்கிறது, எனக்கு விரல் மரத்துப்போகிறது என்றால், இந்த உடை குளிருக்கு ஆகுமா ஆகாதா என்பதுதான் என் கேள்வி.

பெரம்பூர்ப் பயணி

ஆகாது என்பேன். ஜனவரி மாதத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில், ஸ்லீப்பர் பெட்டியில் தில்லிக்குப் போனேன். சென்ட்ரலில் இரவு பத்து மணிக்கு ஏறும்போது மின்விசிறி தேவைப்பட்டது. மறுநாள் நாக்பூர் வரை அந்த ஜாக்கெட் எனக்குத் தலையணையாகத்தான் இருந்தது. போபாலைத் தாண்டி இருட்டிய பிறகு, சன்னல் அடைப்பின் இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வரத் தொடங்கியதும், அரைக்கைச் சட்டையின்மேல் அதை மாட்டிக்கொண்டு படுத்தேன். ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் பக்கம் பஞ்சு நசுங்கி இருக்கையின் சில்லிப்பு நேராக விலாவில் ஏறியது; மல்லாந்து படுத்தால் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜான்சி நிலையத்தில் விழித்தபோது இரண்டு கைகளையும் ஜாக்கெட்டுக்குள் இழுத்து, மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் இருக்கையில் இருந்த குவாலியர் பாட்டி தம் சால்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, வெறுமையாகத் தொங்கிய அந்தக் கைத்துளைகளைச் சுட்டிக்காட்டி இந்தியில் ஏதோ சொல்லி, தம் பேத்தியோடு சேர்ந்து சிரித்தார். அவர்கள் இறங்கும் வரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எண்ணூர்க் காற்று

அரைக்கைச் சட்டையோடு வட இந்தியக் குளிருக்குள் போய்விட்டு ஜாக்கெட்டைக் குறை சொல்வது நியாயமில்லை, பெரம்பூர் நண்பரே. உள்ளே ஒரு முழுக்கை ஸ்வெட்டர் இருக்கும் என்று எண்ணித்தான் அந்த உடையைத் தைக்கிறார்கள்.

ஆனால் அதற்கு ஓர் எதிரி உண்டு, அது காற்று. டிசம்பர் விடியற்காலையில் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பைக்கில் ஏறினேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அடிவாரத்தைவிட அங்கே பன்னிரண்டு டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். கைத்துளை வழியாகக் காற்று புகுந்து ஜாக்கெட் முழுவதும் உப்பி, உள்ளே சேர்ந்திருந்த சூட்டைக் கழுத்து வழியாக வெளியே தள்ளும் என்பது கணக்கில் வராத செய்தி. 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், வெறும் தோலுக்கு அது ஐந்து அல்லது ஆறு டிகிரி போலத்தான் தெரியும். பெருமாள்மலையில் வண்டியை நிறுத்தியபோது பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டிருந்தன. பெட்டியில் கிடந்த சாதாரண மழைக்கோட்டை எடுத்து ஜாக்கெட்டின் மேலேயே போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அடுத்த சில வளைவுகளுக்குள் நடுக்கம் நின்றுவிட்டது. மழைக்கோட்டில் பஞ்சு ஏதும் இல்லை; அது காற்றை மட்டும் தடுத்தது, அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை மாலுமி

காற்றோடு ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்குக் கப்பலில் வேலை செய்கிறேன். பிப்ரவரியில் ராட்டர்டாமில் கரை சேரும்போது வானிலை பெரும்பாலும் நாலைந்து டிகிரியும் தூறலுமாகத்தான் இருக்கும். வடம் கட்டும் வேலையில் கனமான கைகளுள்ள கோட்டு ஒத்துவராது. கோட்டின் தளர்ந்த கை, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் இயந்திரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் தொழிலில் யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் பாய்லர் சூட் எனப்படும் முழு உடல் வேலை உடைக்கு உள்ளே கையில்லாத ஜாக்கெட் அணிவது எங்களிடையே வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி பஞ்சுக்குப் பதில் வாத்தின் தூவியை, அதாவது மென்மையான சிறு இறகுகளை, அடைத்த விலை உயர்ந்த ஜாக்கெட்டை வாங்கி, அழகு தெரிய வேண்டும் என்று வேலை உடைக்கு வெளியே அணிந்துகொண்டு முன்தளத்தில் நின்றான். அலைத்தெறிப்பும் தூறலும் சேர்ந்து, வேலை முடிவதற்குள் அதன் அறைகள் ஒவ்வொன்றிலும் இருந்த தூவி ஊறிய அவலைப் போலத் திரண்டு அடியில் தொங்கியது. மேலே துணி மட்டும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னுடையது மலிவான பாலியஸ்டர் பஞ்சு. அதுவும் நனைந்தது, ஆனால் பிழிந்து உதறியதும் பாதிக்கு மேல் உப்பிவிட்டது. அன்று அவன் முகம் போன போக்கு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எம்.சி. ரோடு வியாபாரி

எல்லோரும் அணிந்தவர்களாகப் பேசுகிறீர்கள். விற்பவன் ஒருவனும் பேசலாம் அல்லவா? மே மாத வெயிலில், கத்திரி நடந்துகொண்டிருக்கும்போது, கனடாவுக்குப் படிக்கப் போகும் பெண் ஒருவர் எங்கள் கடையில் கையில்லாத பஃபரை அணிந்துகொண்டு கண்ணாடி முன் நின்றார். வேர்வை அவர் முகவாயிலிருந்து சொட்டியது. "அண்ணா, இது போதுமா?" என்று கேட்டார். டிசம்பருக்குப் போதாது, அக்டோபருக்குப் போதும் என்று சொன்னேன். அவருடைய தந்தையாருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போய்விட்டார்.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றையும் எழுதிவிடுகிறேன். சூடு பஞ்சிலிருந்து வருவதில்லை. பஞ்சுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடல் சூட்டை வெளியே விடாமல் வைக்கிறது. ஆகவே கையால் அழுத்திவிட்டால் உடனே மீண்டும் எழும்பும் ஜாக்கெட்டைத்தான் எடுக்க வேண்டும். தூவி வைத்தவற்றின் சீட்டில் 600, 800 என்ற எண்கள் இருக்கும்; ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். எண் கூடக்கூட, அதே சூட்டுக்கு எடை குறையும். உள்துணி வரை ஊடுருவித் தைத்த கோடுகளில் பஞ்சே இராது என்பதால், கோடுகள் மிக நெருக்கமாக ஓடும் ஜாக்கெட்டில் அந்தக் கோடுகள் வழியே குளிர் இறங்கும். கைத்துளை அக்குளை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் எண்ணூர்க்காரர் சொன்ன உப்பல்தான் நடக்கும். குனிந்து பார்த்து இடுப்பு வெளியே தெரிகிறதா என்று சோதியுங்கள். கழுத்துப்பட்டை தாடை வரை உயர்ந்து நிற்பதாக இருந்தால் மிக நல்லது. துவைத்தால் முறுக்கிப் பிழியாதீர்கள். நம் பக்கத்துக் கடற்காற்றில் மேலே உலர்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் நின்று முடை நாற்றம் வரும். நிழலில் விரித்து, அவ்வப்போது தட்டிக் கட்டிகளைப் பிரித்துவிட வேண்டும். பையில் அமுக்கி ஆண்டு முழுவதும் பீரோவில் வைத்தால் பஞ்சு எழும்பும் தன்மையை இழந்துவிடும்; தொங்கவிடுவதே முறை. இந்த வகைத் தையல் புதியதன்று. தூவி வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த ஜாக்கெட்டுக்கு அமெரிக்காவின் எடி பாயர் 1940-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அவர் தைத்ததற்குக் கைகள் இருந்தன என்பதையும் பெரம்பூர் நண்பருக்காகச் சேர்த்துக்கொள்கிறேன்.

புதுவண்ணைச் செவிலியர்

வியாபாரி ஐயா எழுதியவற்றில் பயனுள்ள செய்திகள் இருக்கின்றன. ஆனால் கேட்டவர் துவைப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. அவருடைய விரலைப் பற்றி யாரும் பேசாததால் நான் எழுதுகிறேன்.

தீக்காயத்தின் பரப்பைக் கணக்கிட நாங்கள் ஒன்பதின் விதியைப் பயன்படுத்துகிறோம். அதன்படி மார்பு, வயிறு, முதுகு சேர்ந்து உடல் பரப்பில் 36 விழுக்காடு. இரண்டு கைகளும் சேர்ந்து 18. ஆகவே கையில்லாத ஜாக்கெட் மூடுவது பெரிய பகுதிதான் என்றாலும், அது திறந்து விடுவது சிறிய பகுதியன்று. கைகள் மெலிந்தவை என்பதால் சூட்டை விரைவாக இழக்கும். மெல்லிய சட்டை மட்டும் மூடிய கை வழியாக விரலுக்கு ஓடும் ரத்தம், அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே குளிர்ந்துவிடுகிறது. போதாததற்கு, உடலின் நடுப்பகுதியை 37 டிகிரிக்கு அருகில் காப்பதற்காக விரல்களின் ரத்தக் குழாய்களும் சுருங்கிக்கொள்ளும். பெட்டி தூக்கும் அண்ணனின் நிலை வேறு. சும்மா இருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது; கடுமையாக உழைக்கும்போது அது நான்கைந்து மடங்காகும். அவருக்குச் சூட்டை வெளியேற்ற வழி வேண்டும், உங்களுக்குச் சூட்டை அடைக்க வழி வேண்டும். நின்று கணக்கு எழுதுகிறவருக்குத்தான் கைகள் உள்ள கோட்டு தேவை. நிர்வாகம் உங்களுக்கு அதைக் கொடுக்காதது எனக்குப் புரியவில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தோள்மூட்டு இறுகிவிட்டதால் ஸ்வெட்டரின் கைக்குள் கையை நுழைக்கும்போது வலியில் கத்துவார். மார்கழியில் திருவொற்றியூர்க் கோயிலுக்கு விடியற்காலையில் போகாமல் இருக்கவும் மாட்டார். வெளியே இருபது, இருபத்தொரு டிகிரிதான். அதற்கே அவருக்கு உடல் வெடவெடக்கும். முன்பக்கம் ஜிப் வைத்த கையில்லாத பஃபரை நாற்காலியில் விரித்து வைத்து, அதன்மேல் அவரை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் இழுத்து மூடிவிட்டேன். வலது கையை ஒரு சாண் அளவுகூடத் தூக்க வேண்டி வரவில்லை. சன்னதியில் கூட்டம் நெருக்கியபோது தாமே ஜிப்பை இறக்கிக்கொண்டார். யாருடைய உதவியும் இல்லாமல் அவர் ஓர் உடையைத் தளர்த்தியதை நெடுநாளைக்குப் பிறகு பார்த்தேன். "சென்னையில் எதற்கு இதெல்லாம்?" என்று வரிசையில் ஓர் அம்மா கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அப்பாவே, "உனக்கு எழுபத்தெட்டு ஆகும்போது கேளும்மா" என்று சொல்லிவிட்டார்.

பெரம்பூர்ப் பயணி

எண்ணூர் நண்பருக்கு ஒரு வார்த்தை. உள்ளே முழுக்கை ஸ்வெட்டரும், வெளியே மழைக்கோட்டும், கீழே போர்வையும் வேண்டும் என்றால், நடுவில் இருக்கும் அந்த ஜாக்கெட் எதற்கு? அந்தப் பணத்துக்குக் கைகள் உள்ள ஒன்றையே வாங்கிவிடலாம்.

எண்ணூர்க் காற்று

கைகள் உள்ளதை அணிந்துகொண்டு மலைப்பாதையில் நடந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் உள்சட்டை வேர்வையில் நனைந்து, நின்ற இடத்தில் குளிரத் தொடங்கும். நடப்பதற்கும் வேலை செய்வதற்கும் கையில்லாதது; உட்காருவதற்கும் உறங்குவதற்கும் கையுள்ளது. நீங்கள் உறங்கப் போனீர்கள், அதனால்தான் பாட்டி சிரித்தார்.

ராயபுரத்துவாசி

செவிலியர் அக்காவுக்கு நன்றி. அந்த அண்ணனிடம் நேற்று அவர் ஜாக்கெட்டுக்குள் என்ன அணிகிறார் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் ஜிப்பைத் திறந்து காட்டினார்: உள்ளே தடித்த கம்பளி ஸ்வெட்டர், அதன் கைகள் கையுறைக்குள் இறங்கும் அளவுக்கு நீளம். பெட்டி ஏற்றாமல் காத்திருக்கும் நேரங்களில் அறைக்கு வெளியே வந்து நின்றுவிடுவதாகவும், உள்ளே சும்மா நிற்பதில்லை என்றும் சொன்னார். கணக்கு எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. கைகள் உள்ள கோட்டு கேட்டு மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் வரை ஸ்வெட்டரால் சமாளிக்க வேண்டும். எம்.சி. ரோடு ஐயா, மணிக்கட்டைத் தாண்டி இறங்கும் கையுள்ள கம்பளி ஸ்வெட்டர் இப்போது உங்கள் கடையில் கிடைக்குமா? என் மார்பளவு 40.

எம்.சி. ரோடு வியாபாரி

40-க்கு இருக்கிறது, தம்பி. உள்ளே சட்டையும் போடுவீர்கள் என்பதால் 42 எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும், வார நாளில் வாருங்கள்.