பழைய வாயு ஆலை நிலத்தில் நீல மண் எப்படி வந்தது?

கேள்வி:
இங்கிலாந்தில் நிலக்கரி வாயு ஆலைகள் இருந்த இடங்களைத் தோண்டினால் சில இடங்களில் நீல மண் வருமாம். கரியிலிருந்து நீலம் எப்படி?

பதில் (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்):
வாயுவைச் சுத்தம் செய்ததில் மிஞ்சியது அது. காற்றுப் புகாத வாலையில் நிலக்கரியைச் சுட்டால் ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் சயனைடும் வரும். அப்படியே எரித்தால் வீடெல்லாம் கந்தக நெடிதான். ஆரம்பத்தில் சுண்ணாம்பு வழியாகச் செலுத்தினார்கள். பிற்பாடு இரும்பு ஆக்சைடு வந்தது. கந்தகம் அதில் படியும். காற்றில் பரப்பி வைத்தால் ஆக்சைடு மீண்டும் உதவும். இப்படிப் பலமுறை சுழன்றதில் சயனைடு இரும்போடு சேர்ந்து பிரஷ்யன் நீலம் ஆகிவிடும். சத்து ஓய்ந்த ஆக்சைடை ஆலைக்குள்ளேயே கொட்டி மேடு நிரப்பியதும் உண்டு. அந்த நீலம்தான் இது.

கேள்வி கேட்டவர்:
அப்போ, வாயு செய்யும்போது கூடவே வரும் தார்?

பதில் (அதே ஆசிரியர்):
மாணவர்களுக்கு நான் மணிக்கணக்கில் சொன்ன கதை அது! பொறியாளர் மர்டாக் தன் வீட்டில் நிலக்கரி வாயுவால் விளக்கேற்றியது 1792இல். லண்டனில் வாயு நிறுவனம் 1812இல் சாசனம் பெற்றது. அப்போது தார் வெறும் தொல்லை. 1823இல் மெக்கின்டாஷ் அதிலிருந்து வடித்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து மழைத்துணி செய்தார். 1838இல் பெத்தெல், ரயில் கட்டைகள் உளுத்துப்போகாமலிருக்கக் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயை ஏற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

1848இல் தாரிலிருந்து பென்சீனைப் பிரித்துக் காட்டியவர் மான்ஸ்ஃபீல்டு. 1855இல் வடிகலன் தீப்பிடித்தபோது அதை வெளியே தூக்கிச் செல்ல முயன்று உடல் வெந்து இறந்தார். செயற்கைச் சாயம் கண்ட பெர்கினின் பெயர் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது, இவரைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

அடுத்த வருடமே 18 வயது பெர்கின், மலேரியா மருந்தான குவினைன் செய்யப் புறப்பட்டு, பென்சீனிலிருந்து செய்யும் அனிலினிலிருந்து ஒரு கருப்புக் கசடைத்தான் பெற்றார். அதில் ஆல்கஹால் ஊற்றியதும் ஊதா நிறம் பிரிந்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கே பிடித்த வேகம், 1868இல் தாரில் உள்ள அந்த்ரசீனிலிருந்து அலிசரின் என்னும் சிவப்புச் சாயம், 1897இல் சந்தைக்கு வந்த செயற்கை அவுரி என்று போனது.

இன்னொருவர்:
வாயுவிலிருந்து பிரிந்த அம்மோனியா நீரை விட்டுவிட்டீர்களே. கந்தக அமிலத்தோடு சேர்த்து அமோனியம் சல்பேட் உரமாக விற்றார்கள். வாலையில் மிஞ்சிய கல்கரி (கோக்) அடுப்புக்குப் போனது.

கேள்வி கேட்டவர்:
அந்த நீல மண் ஆபத்தா?

பதில் (ஆசிரியர்):
பிரஷ்யன் நீலம் எளிதில் கரையாது. ஆனால் காரத்தன்மையுள்ள மண்ணில் மெல்லக் கரையும். எனக்கு அதைவிடத் தார்தான் கவலை. வட கடலிலிருந்து இயற்கை வாயு வந்து ஆலைகள் மூடப்பட்டபோது பூமிக்கடியில் இருந்த தார்த் தொட்டிகள் பல அப்படியே விடப்பட்டன. அவற்றில் கசிவு இருந்தால் பென்சீனும் நாப்தலீனும் நிலத்தடி நீருக்குப் போகும். அங்கே வீடு கட்டுமுன் மண்ணையும் நீரையும் சோதிப்பது அதற்காகத்தான்.