மேக்புக் ப்ரோவில் என்விஎம்இ எஸ்எஸ்டி: இரவில் மூடிவைத்தால் காலையில் விழிப்பதில்லை

கேள்வி:
2014ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோவில் அடாப்டர் வைத்து எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) பொருத்தி, மேக்ஓஎஸ் பிக் சர் நிறுவியிருக்கிறேன். வேகத்தில் குறையே இல்லை. ஒரு மணி நேரம் மூடிவைத்துத் திறந்தால் உடனே எழுந்துகொள்கிறது. இரவு முழுவதும் மூடிவைத்தால் மட்டும் காலையில் கறுப்புத் திரை. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க் யூட்டிலிட்டி பிழை எதையும் காட்டவில்லை. எஸ்எஸ்டி பழுதா, அடாப்டர் பழுதா? இதே எஸ்எஸ்டியைப் பின்னர் ஹாக்கின்டாஷ் (ஆப்பிள் தயாரிக்காத, ஆனால் மேக்ஓஎஸ் நிறுவிய) கணினிக்கு மாற்றவும் எண்ணம் உண்டு.

பதில்:
இரண்டும் நன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் எழுவதும் ஓர் இரவுக்குப் பின் எழாததும்தான் இங்கே துப்பு. 2013 முதல் வந்த மேக் மடிக்கணினிகள் தூங்கத் தொடங்கி சுமார் 3 மணி நேரம் கழித்து ஸ்டாண்ட்பை என்ற ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். நினைவகத்தில் இருப்பதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு, நினைவகத்துக்கான மின்சாரத்தை நிறுத்திவிடும். விழிக்கும்போது எழுதிவைத்ததைத் திரும்ப எடுக்கத் தொடங்குவது ஃபர்ம்வேரின் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) வேலை. 2017இல் மேக்ஓஎஸ் ஹை சியராவோடு வந்த ஃபர்ம்வேர், இந்த மாடல்களை என்விஎம்இயிலிருந்து பூட் ஆக வைத்தது. ஆனால் 2013, 2014 மாடல்கள் இந்த ஆழ்ந்த உறக்கத்திலிருந்து என்விஎம்இ வழியாக மீள்வதில்லை. 2015 மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை.

டெர்மினலில் பிஎம்செட் (மின் அமைப்புகளை மாற்றும்) கட்டளையால் ஹைபர்னேட்மோடு, ஸ்டாண்ட்பை, ஆட்டோபவர்ஆஃப் மூன்றையும் 0 ஆக்கிவிடுங்கள். அப்போது கணினி அந்த ஆழ்ந்த உறக்கத்துக்கே போகாது.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். இன்று காலை மூடியைத் திறந்ததும் கடவுச்சொல் திரை வந்தது, மிக்க நன்றி! பேட்டரிக்குப் பாதிப்பு உண்டா?

பதில்:
உண்டு. தூக்கத்திலும் நினைவகத்துக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். சார்ஜ் முழுவதும் தீர்ந்தால் சேமிக்காத வேலை போய்விடும். நாள்கணக்கில் தொடமாட்டீர்கள் என்றால் ஷட்டவுன் செய்துவிடுங்கள்.

மற்றொருவர்:
ஹாக்கின்டாஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே எஸ்எஸ்டியின் மாடல்தான் முக்கியம், பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் அல்ல. சாம்சங் பிஎம்981 கெர்னல் பேனிக்குக்கு (மேக்ஓஎஸ் திடீரென முடங்குவது) பெயர்போனது, அதைத் தவிர்த்துவிடுங்கள். சாம்சங் 970 ஈவோ பிளஸ் என்றால் எஸ்எஸ்டியில் 2பி2க்யூஇஎக்ஸ்எம்7 ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 தொடக்கத்தில் வந்த முதல் பதிப்பு மேக்ஓஎஸ்ஸில் பேனிக் ஆகும்.

அந்த ஃபர்ம்வேர் இருந்தாலும், மேக்ஓஎஸ் மான்டரே முதல் பல சாம்சங் எஸ்எஸ்டிகளில் பூட் ஆகும்போது ட்ரிம் (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வேலை) முடியவே வெகுநேரம் பிடிக்கிறது. ஹாக்கின்டாஷை பூட் செய்யும் ஓப்பன்கோரில் செட்ஏபிஎஃப்எஸ்ட்ரிம்டைம்அவுட்டை 0 ஆக்கினால் காத்திருப்பு தீரும், ஆனால் பூட் ஆகும்போது நடக்கும் ட்ரிம்மும் நின்றுவிடும். எஸ்எஸ்டியின் ஆயுளை விலையாகக் கொடுத்து அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வராது. புதிதாக வாங்குவதானால் டபிள்யூடி எஸ்என்750 போன்ற ஒன்றையே எடுப்பேன்.

என்விஎம்இஃபிக்ஸ் கெக்ஸ்ட்டையும் (மேக்ஓஎஸ் கெர்னலுக்கான துணை நிரல்) சேர்த்துக்கொள்ளுங்கள், மின்சிக்கனத்துக்கு உதவும். எஸ்எஸ்டிக்கு ஃபர்ம்வேர் மாற்ற வேண்டியிருந்தால், மேக்ஓஎஸ் நிறுவும் முன்பே விண்டோஸ் கணினியில் வைத்து முடித்துவிடுங்கள்.