வாடைக்காலத்தில் நாகை–காங்கேசன்துறைக் கப்பலை மாதக்கணக்கில் நிறுத்துவது தேவைதானா?

வடமராட்சியாள்:
நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கும் இடையிலான பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, பருவமழையின் காரணமாக அம்மாதம் 20ஆம் தேதியோடு நின்றது. 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' கப்பலுடன் மீண்டும் தொடங்கிய சேவை நவம்பரில் நின்று, 2025 பிப்ரவரி 22 அன்றுதான் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து திருச்சியில் வாழும் என்னைப் போன்றோர் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போக நினைக்கும் காலத்தில்தான் கடல்வழி அடைபட்டுக் கிடக்கிறது.

வாடைக்காலம் முழுவதும் கடல் ஒரே சீற்றத்தில் இருப்பதில்லை. இரண்டு தாழ்வு மண்டலங்களுக்கு இடையில் பத்து நாள்கள் அமைதியாகக் கழிவதும் உண்டு. பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளந்து, அது வரம்பைத் தாண்டும்போது மட்டுமே ரயிலை நிறுத்துகிறார்கள். கார்த்திகை பிறந்துவிட்டது என்பதற்காகத் தண்டவாளத்தைப் பூட்டிவைப்பதில்லை. கப்பலுக்கு மட்டும் நாள்காட்டியைப் பார்த்துப் பூட்டுப் போடுவது ஏன்? எங்கள் அப்பப்பா வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பலில் நாகைக்கு வந்து போனவர். கடற்பறவைகள் கூட்டமாகக் கரையேறுவதையும் வானத்தின் நிறத்தையும் பார்த்தே அவர் பயணத்தைத் தள்ளிவைப்பார். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தெரிகிற ஒன்றை அளந்தறிய இத்தனை கருவிகள் வந்த பிறகும், நாம் மாதக்கணக்கில் அஞ்சிக் கிடக்கிறோம்.

நங்கூரம்:
சிறிய கப்பல்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் மறுக்கிறேன். பாம்பன் ஒப்புமை கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. ரயிலைப் பாலத்துக்கு முன்னுள்ள மண்டபம் நிலையத்திலேயே நிறுத்திவிடலாம். பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்களே தேவை. இந்தக் கப்பலோ ஏறத்தாழ 60 கடல் மைல் தொலைவைக் கடக்க நான்கு மணி நேரம் வரை எடுத்துக்கொள்கிறது. புறப்படும்போது இருந்த கடலும் நடுவழியில் சந்திக்கும் கடலும் ஒன்றாக இருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. நடுவழியில் ஒதுங்கிக்கொள்ளத் துறைமுகமும் இல்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். வங்கக்கடலின் ஆழமான பகுதியில் நீண்டு, தாழ்ந்து உருண்டு வரும் அலைகள், வடகிழக்குக் காற்றால் தள்ளப்பட்டுப் பாக்கு நீரிணையின் வாய்க்குள் நுழைகையில், அடியில் தரை மேலேறி வருவதால் ஒன்றையொன்று நெருங்கிச் செங்குத்தாக எழுகின்றன. அப்படி நெருங்கி எழும் அலைகளில் பெரிய சரக்குக் கப்பல் தாக்குப்பிடிக்கும். 2023இல் ஓடிய 'செரியபாணி'யைப் போன்ற, 150 பேர் அமரும் இலகுவான விரைவுக் கப்பல் படாத பாடு படும். கப்பல் கவிழாமல் இருந்தாலும், முதியவர்களும் குழந்தைகளும் நான்கு மணி நேரம் வாந்தியெடுத்துக் கிடக்கும் பயணத்தைப் பாதுகாப்பான பயணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ரயிலைப் பற்றிப் பேசியதால் 1964 டிசம்பர் 22 இரவையும் நினைவூட்டுகிறேன். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் கடல் அலை அதை மூழ்கடித்தது. அதில் இருந்தவர்கள் மாண்டனர். தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட அந்தத் துறைமுகமே அத்துடன் அழிந்தது.

கோடிக்கரைவாசி:
பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் புயல் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அதன் விலையை எங்கள் ஊர்க் காட்டில் கண்டோம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எச்சரிக்கை முன்பே வந்ததால் 80,000க்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். கோடிக்கரைச் சரணாலயத்தின் வெளிமான்களுக்கு முகாம் ஏது? அவை திறந்த புல்வெளியில் வாழ்பவை. எதிரியைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்பும் இயல்புடையவை. நாலா புறமும் நீர் ஏறி வரும்போது அந்த ஓட்டத்தால் பயனில்லை. அவற்றின் உடல்கள் காரைக்கால் கரை வரைக்கும் ஒதுங்கின. புள்ளிமான்களும், காட்டில் திரியும் குதிரைகளும் மடிந்தன. வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும் காலமும் அதுவே என்பதால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவைகள் சேற்றில் செத்துக் கிடந்ததைப் பார்த்தோம்.

அவற்றுக்கு ஏதோ உணர்வு இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. உணர்ந்தாலும் ஒதுங்க இடம் வேண்டும் அல்லவா? ஒருபுறம் கடல், மறுபுறம் சதுப்பு நிலமும் உப்பளமும். ஆகவே அம்மா, உங்கள் அப்பப்பாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பறவை கரையேறுவதைப் பார்த்துக் கப்பலை விடலாம் என்ற வாதத்தை ஏற்க இயலாது.

அக்கரைப்பேட்டையான்:
எல்லோரும் பயணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். கப்பல் நின்றால் பயணி விமானத்தில் போவார், அல்லது தை முடிந்து போவார். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எங்களுக்கு அடுப்பு எரிவது நிற்கிறது.

தொலைக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதைத் தெரிவிக்கும் 1ஆம் எண் கூண்டுக்கும், துறைமுகத்துக்கே பெரும் ஆபத்து என்று சொல்லும் 10ஆம் எண் கூண்டுக்கும் இடையே எவ்வளவோ வேறுபாடு உண்டு. ஆனால் கரையோரம் இரண்டு பாகம் (ஏறத்தாழ 12 அடி) ஆழத்தில் வலை விடும் நாட்டுப்படகுக்கும், நாள்கணக்கில் தங்கி வரும் விசைப்படகுக்கும் ஒரே அறிவிப்பைத்தான் வாசிக்கிறார்கள். மூன்று நாள் கடலுக்குப் போகாதே என்று சொல்லி, மூன்று நாளும் வெயில் அடித்தால், நான்காவது எச்சரிக்கையை இளைஞர்கள் காதில் வாங்குவதில்லை. என் கவலை இதுதான்: அளவுக்கு மீறிய தடை, உண்மையான புயல் வரும் நாளில் எங்களைக் கொல்லும்.

ஒக்கி புயலில் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. 2017 நவம்பர் கடைசியில் குமரிக்கு அருகில் அது மிக விரைவாக வலுப்பெற்றபோது, தூத்தூர்ப் பகுதியின் ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் இருந்தன. கரையில் ஒலித்த அறிவிப்பு அவர்களை எப்படி எட்டும்? படகில் உள்ள ஒயர்லெஸ் கருவி அத்தனை தொலைவுக்குப் பேசாது. தடை இல்லாததால் அவர்கள் சாகவில்லை, சொல்ல வழியில்லாததால் செத்தார்கள். நங்கூரம் ஐயா மூடச் சொல்வதில் காட்டும் உறுதியைச் செய்தி கொண்டுசேர்ப்பதிலும் காட்டினால் நல்லது.

நங்கூரம்:
தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் தனித்தனி அறிவிப்பு வேண்டும். ஆனால் வெயில் அடித்ததால் எச்சரிக்கை பொய் என்று கொள்ள வேண்டாம். கரையில் வெயில் அடிக்கும் நாளில் முப்பது கடல் மைலுக்கு அப்பால் சூறைக்காற்று வீசுவதை நானே அனுபவித்திருக்கிறேன்.

வடமராட்சியாள்:
பறவைகளைப் பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். காரைக்கால் வரை ஒதுங்கிய மான்களைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. கப்பலைப் பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. நவம்பரை மூடுங்கள், டிசம்பரையும் மூடுங்கள். வங்கக்கடலில் புயல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும் ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகும் ஏன் பிப்ரவரி கடைசி வரை காத்திருக்க வேண்டும்?

நங்கூரம்:
புயல் அடங்கினாலும் வாடை அடங்குவதில்லை. அலையை எழுப்பப் புயல் தேவையில்லை. நாள்தோறும் ஒரே திசையிலிருந்து வீசும் காற்றே போதும். பெரிய கப்பலைக் கொண்டுவந்தால் ஜனவரியில் ஓட்டலாம் என்பதை நானும் ஏற்பேன். இப்போதைய கப்பலுக்கு ஏற்க மாட்டேன்.

அக்கரைப்பேட்டையான்:
அப்படியானால் பிரச்சினை பருவத்தில் இல்லை, கப்பலின் அளவில்தான் இருக்கிறது என்று ஐயாவே ஒப்புக்கொண்டுவிட்டார். அக்கா, உங்கள் மனுவை அந்த வழியில் எழுதுங்கள். எங்கள் ஊரிலிருந்து கையெழுத்து வாங்கித் தருகிறேன், அதில் நாட்டுப்படகுக்குத் தனி அறிவிப்பு வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்ப்பதாக இருந்தால்.