ஃபீடரைக் கழற்றுவதா, விடுவதா?

குழு: கரவெட்டி வீட்டார், ரொறன்ரோ

வசந்தி மாமி, 8:12
பின்வளவில் தொங்கும் ஃபீடரில், அதுதான் குருவிகளுக்கு விதை போடும் குழாயில், ஒரு ஹவுஸ் ஃபின்ச் குருவி ஒரு மணி நேரமாக அசையாமல் இருக்கிறது. வலது கண் வீங்கி, ஓரத்தில் பொருக்குக் கட்டியிருக்கிறது. கதவைத் திறந்தும் பறக்கவில்லை. வெளியே மைனஸ் 14. என்ன செய்வது?

ராஜன் சித்தப்பா, 8:16
இந்தக் குளிரில் எல்லாக் குருவியும் உப்பிக்கொண்டுதான் இருக்கும், அக்கா.

பெரியப்பா, 8:34
அன்பின் வசந்திக்கு, குளிருக்கு உப்பியிருக்கும் குருவி ஆளைக் கண்டால் பறந்துவிடும். இது பறக்காததே நோயின் அறிகுறி. இது மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் கண்ணோய். 1994இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை அண்டிய பகுதியில் ஹவுஸ் ஃபின்ச்சுகளிடம் முதலில் காணப்பட்டு, வட அமெரிக்காவின் கிழக்கு முழுவதும் பரவியது. நோயுற்ற குருவி குழாயின் துளைக்குள் தலையை விடும்போது கண் விளிம்பில் உரசுகிறது. அடுத்து வரும் குருவியும் அதே துளைக்குள்தான் தலையை விடுகிறது. ஆகவே ஃபீடரை இன்றே இறக்கி, உமியையும் எச்சத்தையும் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து, நன்றாக அலசி, ஈரம் போக உலர்த்தி, இரண்டு வாரமாவது தொங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

ராஜன் சித்தப்பா, 8:36
இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம், அண்ணா.

வசந்தி மாமி, 8:41
அது அவர் தன் கையால் தொங்கவிட்டது. அவர் போன பிறகு நான் ஒரு நாளும் கழற்றியதில்லை.

நிலா, 8:42
அப்படியென்றால் கழுவியதும் இல்லையா, மாமி?

ராஜன் சித்தப்பா, 8:47
பக்கத்திலேயே சனிக்கிழமைச் சோறும் வைக்கிறா. அதையும் அண்ணாவிடம் சொல்லுங்கள்.

வசந்தி மாமி, 8:49
அது காகத்துக்கு வைப்பது, தம்பி. நீ அதில் தலையிட வேண்டாம்.

பெரியப்பா, 8:58
சோறு எலியைக் கூட்டிவரும். கறுப்புச் சூரியகாந்தி விதையே போதும். மற்றக் குருவிகள் பட்டினி கிடக்கும் என்று அஞ்சாதே. 11 கிராம் அளவே எடையுள்ள சிக்கடீக் குருவிகூட விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்துவைத்து, இரவில் உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு பிழைக்கிறது. ஃபீடர் அவற்றின் உணவில் ஒரு பங்குதான்.

நிலா, 9:03
மாமி, இந்த வாரக் கணக்கில் அந்தக் கண்ணையும் குறித்துவிடுகிறேன். ஃபீடருக்கு வரும் பறவைகளை நாம் எண்ணி அனுப்பும் ஃபீடர்வாட்ச் கணக்கெடுப்பு, 1976இல் நம் ஒன்ராறியோவில் தொடங்கியது. நோயுற்ற பறவைகளையும் அவர்கள் கேட்கிறார்கள்.

வசந்தி மாமி, 9:10
கழற்றுவதென்றால் ஏணி வேண்டும். செத்தவீட்டுக்குப் பிறகு ராஜன் கொண்டுபோன ஏணி இன்னும் திரும்பி வரவில்லை.

ராஜன் சித்தப்பா, 9:11
அது அத்தான் எனக்குத் தந்த ஏணி.

பெரியப்பா, 9:13
யாருடையதானாலும் இன்று கொண்டுபோ.

ராஜன் சித்தப்பா, 9:20
இன்று வேலை. சனிக்கிழமை பார்க்கலாம்.

பெரியப்பா, 9:22
சனிக்கிழமைக்குள் இன்னும் எத்தனை குருவிகள் அந்தத் துளையில் தலையை விடும்? நிலா, நீ ஒரு கதிரையில் ஏறிக் கழற்ற மாட்டாயா?

நிலா, 9:24
வேலை முடிந்து ஆறு மணிக்கு வருகிறேன். கையுறையும் பிளீச்சும் கொண்டுவருகிறேன்.

வசந்தி மாமி, 16:52
அந்தக் குருவியைக் காணவில்லை. கார்டினல் குருவிச் சோடி வந்திருக்கிறது. ஆண் விதையை உடைத்துப் பெட்டைக்கு ஊட்டுகிறது. நிலா, நாளைக்கு வந்தால் போதும்.